நாயுடு அண்ணனுக்கு லீவு

அந்த நாற்காலி வேணாம் மேடம். கோச்சிக்காதீங்க. இப்படி கட்டில் மேல வந்து உக்காருங்க, ஃபேனுக்கு நேரா. உடைஞ்சதெல்லாம் இல்லை, நல்ல தேக்கு நாற்காலி. அதுல வேற ஒருத்தர் உக்காருவாரு, அதான்.

குடியாத்தத்துலேர்ந்து பஸ்ஸா, ஆட்டோவா? முகமெல்லாம் வெந்து போயிருக்கு பாருங்க. எங்க ஊரு வெயிலு புதுசா வர்றவங்களை ஒரு வழி பண்ணிடும். டீ கொதிக்குது, இறக்கிட்டு வந்துடறேன். சர்க்கரை போடலாம் இல்ல? இப்பல்லாம் சின்ன வயசுலயே வேணாங்கறாங்க, அதான் கேக்கறேன்.

இந்தாங்க, இது உங்களுக்கு. இது எனக்கு இல்லை, அந்த நாற்காலி பக்கத்துல ஸ்டூல் மேல வைக்கறதுக்கு. நீங்க குடிங்க. நான் அப்பால குடிச்சுக்கறேன். அது ஆறினப்புறம் அதையே எடுத்துக் குடிச்சுடுவேன், வீணாக்கக் கூடாது இல்ல. சூடா டீ குடிக்கிற பழக்கமே எனக்கு விட்டுப் போச்சு.

பட்டாளத்து ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம் வருவாங்கன்னு எங்க வீட்டுக்காரரு நேத்தே சொன்னாரு. காலைல சட்டையை மாட்டிக்கினு, "ரேணு, வர்றவங்க கிட்ட மறைக்காம பேசு"ன்னுட்டு பஜாருக்குப் போயிட்டாரு. மறைக்காம பேசணுமாம். நான் எதை மறைச்சேன்? மறைக்கிற ஆளு அவருதான். பட்டாளத்துக்காரன் கிட்ட போய் உடம்புக்கு என்னன்னு கேட்டுப் பாருங்க, விறைப்பா நின்னுக்கினு ஒண்ணும் இல்லை சார்னுவான். கால் உடைஞ்சு தொங்கினாலும் அதான் சொல்லுவான். அப்படிப் பழக்கி வெச்சிருக்காங்க.

புதுச் சட்டம் வந்துடுச்சுன்னு பழைய பட்டாளத்துக்காரங்க சங்கத்துல சொல்லி, அவரோட பழைய கேஸை மறுபடியும் எடுத்தாங்க இல்ல, அதை விசாரிக்கத்தானே வந்திருக்கீங்க? நல்லா விசாரிங்க. அவரை வீட்டுக்கு அனுப்பினப்போ இருந்த விதி வேற. கை போனா காயம், கால் போனா காயம். புத்தி கலங்கினா அது காயம் இல்லை. பனி மலைலேர்ந்து இறங்கி வந்த மனுசனை, இது உடம்போட பொறந்த கோளாறு, பட்டாளத்தால வந்தது இல்லைன்னு எழுதி அனுப்பிட்டாங்க. உடம்போட பொறந்ததாம். எங்க கல்யாணப் பந்தியில எங்க சித்தப்பா பசங்களை உக்கார வெச்சு, இலையில சோறு இருக்க முழுங்க முடியாம சிரிக்க வெச்ச மனுசன் மேடம் அவரு. அன்னிக்கு அந்தக் கோளாறு எங்க போயிருந்துச்சு? இதைக் கேக்க எனக்கு இத்தினி வருஷமா ஒரு ஆளு கிடைக்கலை. இப்போ கண்ணுக்குத் தெரியாத காயமும் காயம்தான்னு மாத்திட்டாங்களாம். யாரு மாத்தினாங்களோ அவங்க புள்ளக் குட்டிங்க நல்லா இருக்கட்டும்.

ஆனா எங்க ஹேமா பண்ணதை நான் மன்னிக்க மாட்டேன். நீங்க வந்ததே அவ பண்ண வேலைதான்னு எனக்குத் தெரியும். உங்க ஆபீசுக்கு போன் போட்டிருக்கா. பெத்தவங்க வீட்டு விஷயத்தை எவளாவது ஆபீசுல போய்ச் சொல்லுவாளா?

எங்களுக்கு ஒரே பொண்ணு. ஓசூர்ல குடுத்திருக்கோம். மாப்பிள்ளை தங்கமான புள்ளை. இப்போ நிறை மாசம். தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே? வளைகாப்பு போட்டு இட்டுனு வரலாம்னு வண்டி பேசிக்கினு நானும் அவரும் போனோம். சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, கலவை சாதம் கட்டி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கிளம்பும்மான்னா கிளம்ப மாட்டேங்கறா. சம்பந்தி வீட்டு ஜனம் அத்தினியும் பாக்குது. "அம்மா, அந்த ரூமைக் காலி பண்ணு. பண்ணிட்டு வந்து கூப்பிடு, நடந்தாவது வர்றேன்"ங்கறா. சொல்லிட்டு வளையல் கையோட அப்படியே உக்காந்துக்கினா. நாங்க வெறும் வண்டில திரும்பி வந்தோம். வழியெல்லாம் நான் அழுதுக்கினே வந்தேன்.

எந்த ரூம்னு கேக்கறீங்களா? அதோ, பச்சைத் திரை போட்டிருக்கு பாருங்க. நாயுடு அண்ணன் ரூம். இந்த வீட்டுல இருக்கறதே அந்த ஒரு ரூம்தான்.

அப்பலநாயுடு. ஸ்ரீகாகுளம் பக்கம் ஊரு. பட்டாளத்துல எங்க வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஜோடி போட்டிருந்தாங்க. மலை மேல காவல் போஸ்ட்டுல அப்படித்தான், ஒருத்தனுக்கு ஒருத்தன் துணை. ஒரே கயித்துல கட்டிக்கினு நடப்பாங்க, ஒரே டப்பாவுல சாப்பிடுவாங்க. ஒரு நாள் இவருக்கு நல்ல காய்ச்சல். இவரு ஏற வேண்டிய காவலுக்கு, "நீ படுடா, நான் போறேன்"னு அவரு ஏறினாரு. பனி சரிஞ்சுது. தோண்டித் தோண்டிப் பாத்தும் ஆளு கிடைக்கலை. இன்னும் அந்தப் பனிக்குள்ளதான் இருக்காருன்னு சொல்றாங்க. சொல்றவங்களுக்கு என்ன தெரியும்.

அங்க ஒரு வழக்கம் உண்டு மேடம். காவல்ல செத்தவரு காவலை விட்டுப் போறது இல்லைன்னு ஒரு நம்பிக்கை. அவருக்குப் படுக்கை விரிப்பாங்க, காலைல டீ வைப்பாங்க, ஷூவுக்குப் பாலிஷ் போடுவாங்க. வருஷத்துக்கு ஒருக்கா லீவு குடுத்து, அவரோட பையை ரயில்ல ஏத்தி ஊருக்கு அனுப்பி வைப்பாங்க. நம்ம ஊருல முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைக்கறது இல்லையா, அப்படித்தான். இதுல பைத்தியம் எங்க வந்துச்சு?

இவரு வீட்டுக்கு வந்த புதுசுல சாப்பிட மாட்டாரு. தட்டை முன்னால வெச்சுக்கினு வாசலையே பாப்பாரு. கேட்டா, "நாயுடு இன்னும் சாப்பிடலை"ன்னுவாரு. நான் அழுதேன், கத்தினேன், கோயில் கோயிலா இட்டுனு போனேன். மனுசன் எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. ஒரு நாள் எனக்கு வந்த எரிச்சலுக்கு, சரி, அந்த மகராசனும் சாப்பிடட்டும்னு இன்னொரு தட்டைப் போட்டு, சோத்தை வாரிப் போட்டு, நங்குன்னு வெச்சேன். அவ்ளோதான் மேடம். குனிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சாரு. ரசம் கேட்டாரு. நான் சமையக்கட்டுக்குப் போயி முந்தானையை வாயில வெச்சுக்கினு அழுதேன், சந்தோஷத்துலதான். ரூம்ல படுக்கை விரிச்சேன், இவரு தூங்கினாரு. அன்னிலேர்ந்து நாயுடு அண்ணன் எங்க வீட்டோட.

ஹேமாவா? அவ அப்போ சின்னப் பொண்ணு, அவளுக்கு எதுக்கு ரூம்? சமையக்கட்டுல பாய் போட்டா தூங்கிடும். ப்ளஸ் டூ வரைக்கும் கேஸ் சிலிண்டர் பக்கத்துல உக்காந்துதான் படிச்சா. நல்ல மார்க்கு. கூடப் படிக்கிற புள்ளைங்க யாரையும் வீட்டுக்கு இட்டுனு வர மாட்டா, அப்படி ஒரு அடக்கம். பொறந்த நாள் கேக்குல மொத துண்டை நாயுடு மாமாவுக்குன்னு எடுத்து வைப்பா. ஒரு வருஷம் மறந்து போயி அவளே தின்னுட்டா, ஒரு அறை விட்டேன். அதைப் போய் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கா பாருங்க, கல்யாணம் ஆகி ஒரு புள்ளை வரப் போவுது, இன்னும் கேக்கைப் பத்திப் பேசறா.

அவளுக்கு ரூம் குடுக்கவே இல்லைன்னு சொல்ல முடியாது. ஒருக்கா குடுத்தேன். அதனால வந்த வினையைச் சொல்றேன் கேளுங்க.

அவரேதான் சொன்னாரு, நாயுடு ஊரைப் பாத்து நாளாச்சு, லீவு குடுக்கணும்னு. காட்பாடிக்குப் போயி டிக்கெட் எடுத்தோம். ஒரு சின்னப் பை, அதுல லுங்கி, சட்டை, ஸ்வெட்டர். ஜன்னல் சீட்டுல பையை வெச்சுட்டு இறங்கினோம். ரயில் நகரசொல்ல இவரு விறைப்பா நின்னு சல்யூட் வெச்சாரு. எனக்கு அன்னிக்கு நெஞ்சுல இருந்த பெரிய பாரம் இறங்கிடுச்சு. வீட்டுக்கு வந்து ரூமைக் கழுவி விட்டேன். ஹேமாவோட புஸ்தகத்தை எல்லாம் அங்க அடுக்கினேன். அவ சுவத்துல ஒரு படம் ஒட்டினா, ஏதோ பூ படம். குதிச்சுக்கினு இருந்தா.

அந்த வாரமே ஒரு காலைல இவரைக் காணோம். வாத்து மேய்க்கிற ஆளு ஓடியாந்து சொன்னான், ஏரியில கழுத்தளவு தண்ணில நிக்கறாரு, கூப்பிட்டா திரும்பலைன்னு. நான் ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது மேடம். புடவையோட இறங்கினேன். கால்ல சேறு இழுக்குது. இவரு அந்தப் பக்கம் பாத்துக்கினு, "பனிக்குள்ள இருக்கான், தோண்டினா கிடைச்சுடுவான்"னு தண்ணியைத் தள்ளித் தள்ளி விடறாரு. நான் பின்னாடிலேர்ந்து சொன்னேன், "ஏங்க, நாயுடு அண்ணன் வந்துட்டாரு. வீட்டுல உக்காந்து டீ கேக்கறாரு, வாங்க." அப்பத்தான் என்னைத் திரும்பிப் பாத்தாரு. கையைக் குடுத்தாரு. கரையேறினோம்.

ஈரப் புடவையோட வந்து ஹேமா புஸ்தகத்தை எல்லாம் வாரி வெளிய வெச்சேன். பூ படத்தைக் கிழிச்சேன். அவ நின்னு பாத்தா. நான் டீ போட்டு ரூமுக்குள்ள வெச்சேன். அன்னிக்கு முடிவு பண்ணேன், என் உசிர் இருக்கற வரைக்கும் நாயுடு அண்ணனுக்கு லீவு கிடையாது. எனக்கு என் புருஷன் வேணும் மேடம். யாரு என்ன சொன்னாலும் வேணும்.

அப்புறம் அவருக்கு மெல்ல மெல்லத் தேறிடுச்சு. மாத்திரை குடுத்தாங்க. சங்கத்துக்குப் போக ஆரம்பிச்சாரு. இப்போ ஸ்கூல் வண்டி ஓட்டறாரு, பசங்களை எல்லாம் பட்டப்பேரு வெச்சுக் கூப்பிடறாரு. எல்லாம் நான் நேரத்துக்கு டீ வைக்கறதால. ஒரு வேளை தவறினதில்லை. எங்க அம்மா செத்தன்னிக்குக் கூட டீயை வெச்சுட்டுத்தான் பொணத்தைப் பாக்கப் போனேன்.

ஆனா கொஞ்ச நாளா அவரு நடத்தை சரியில்லை, அதை நீங்க எழுதிக்கணும். நாயுடு பேரை எடுக்கறதே இல்லை. போன மாசம் ஸ்டூல் மேல இருந்த டீயை எடுத்துக் கீழ வெச்சுட்டு, ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்டறாரு. ஓசூர்லேர்ந்து வந்த மறுநாள், ரூமுக்கு வெள்ளையடிக்கப் போறேன்னு நாயுடு அண்ணனுக்குன்னு அங்க வெச்சிருந்த ட்ரங்குப் பெட்டியைத் தூக்கி வெளிய வெச்சுட்டாரு. எனக்கு ஏரி ஞாபகம் வந்துடுச்சு. மறுபடியும் முத்திப் போச்சுன்னு நெனச்சு, அழுது ஆகாத்தியம் பண்ணி பெட்டியைத் திரும்ப உள்ள வெச்சேன்.

கேஸுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாங்களே, அங்க நடந்ததைக் கேளுங்க. மூணு நாலு டாக்டருங்க உக்காந்து கேக்கறாங்க, உங்க கண்ணுக்கு நாயுடு தெரியறாரான்னு. "முன்னாடி தெரிஞ்சான் சார். ரொம்ப வருஷம் தெரிஞ்சான். இப்போ இல்லை. அவன் செத்துட்டான் சார்"ங்கறாரு. கூசாம சொல்றாரு. கதவு தெறந்து இருந்துச்சு, வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த எனக்குக் கேட்டுச்சு. எனக்கு உசிரே போயிடுச்சு மேடம். நாயுடு அண்ணன் என் பக்கத்துலதானே உக்காந்துக்கினு இருந்தாரு. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? தலையைக் குனிஞ்சுக்கினாரு. நான்தான், விடுங்கண்ணா, கேஸுக்காகச் சொல்றாருன்னு சமாதானம் பண்ணேன்.

ஏன் மேடம் எழுதறதை நிறுத்திட்டீங்க?

எப்போலேர்ந்துன்னா? ஏரிக்கு அப்புறம்தான். மொதல்ல இருமல் மட்டும் கேக்கும். பனி இருமல், விடாது. அப்புறம் படுக்கைல போர்வை கசங்கி இருக்கும். நான் எத்தினி தடவை நீவி விட்டாலும் கசங்கி இருக்கும். அந்த ரூமுக்குள்ள போனீங்கன்னா அக்னி நட்சத்திரத்துல கூட ஜில்லுன்னு இருக்கும், பாதம் வலிக்கும். வேற யாருக்கும் அப்படி இல்லையாம், அவரும் மாப்பிள்ளையும் வேர்த்துக்கினு வெளிய வருவாங்க. அப்புறம் ஒரு நாள் ஆளே தெரிஞ்சாரு. எனக்குப் பயம் இல்லை. நல்ல மனுசன். என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு.

இப்பவா? இப்பவும்தான். அந்த நாற்காலில. உங்களைத்தான் பாத்துக்கினு இருக்காரு.

பயந்துக்காதீங்க. நீங்க பயந்தா அவருக்குச் சங்கடமா இருக்கும்.

என்ன சொல்றீங்க? மறுபடியும் சொல்லுங்க, ஃபேன் சத்தத்துல சரியா கேக்கலை. அவரு கேஸு முடிஞ்சுடுச்சா? அவருக்கு எல்லாம் பாஸாயிடுச்சா? அப்போ நீங்க எதுக்கு வந்தீங்க?

என்னையா?

என்னைப் பாக்கவா வந்தீங்க?

புதுச் சட்டத்துல பட்டாளத்தான் வீட்டு ஜனங்களுக்கும் வைத்தியம் உண்டுன்னா, அது குழந்தைங்களுக்குச் சொல்லி இருப்பாங்க. எனக்கு என்ன காயம்? நான் மலை ஏறினேனா? பனியை நான் ஃப்ரிட்ஜுலதான் பாத்திருக்கேன். ஹேமா அப்பாவுக்காக போன் பண்ணலையா? என் பேரைத்தான் குடுத்தாளா? "எங்க அம்மாவைக் காப்பாத்துங்க"ன்னு அழுதாளா? அவ அழுது நான் பாத்ததே இல்லையே மேடம். அந்தப் படத்தைக் கிழிச்சப்போ கூட அழலையே.

இருங்க. கேட் சத்தம் கேக்குது, அவரு வந்துட்டாரு. அவருக்கு முன்னால இதைப் பேசாதீங்க, தாங்க மாட்டாரு.

வாங்க. மேடம் வந்து ரொம்ப நேரம் ஆச்சு. அது என்ன கையில, கயிறு? கொக்கி எதுக்கு? தூளி கட்டவா? எங்க கட்டுவீங்க, அந்த ரூம்லயா?

ஏங்க, அந்த நாற்காலில ஏன் உக்கார்றீங்க? எந்திரிங்க. மேடம், பாருங்க, இதைத்தான் சொன்னேன். அய்யோ, அந்த டீயை எடுக்காதீங்க. ஆறிப் போச்சு. அதுல சர்க்கரை கிடையாது, அண்ணனுக்குப் போட மாட்டேன்.

குடிச்சுட்டாரு மேடம். ஒரே மடக்குல குடிச்சுட்டாரு.

சரி, பேசுங்க, நான் கேக்கறேன். நாயுடு என்னைக்கோ போயிட்டானா? நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேனா? நான் எதுக்கு அவரைப் பிடிச்சு வைக்கறேன். உங்களுக்காகத்தானே. நான் விட்டுட்டா நீங்க மறுபடியும் ஏரிக்குப் போயிடுவீங்க. எனக்குத் தெரியும், கழுத்தளவு தண்ணில போய் நிப்பீங்க. இந்தத் தடவை நான் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டீங்க. நான் என்ன சொல்லிக் கூப்பிடறது? அவருதான் போயிட்டாரே, யாரு வந்திருக்காருன்னு சொல்லிக் கூப்பிடறது?

என்ன சிரிக்கறீங்க? ஏரில தண்ணியே இல்லையா? பசங்க கிரிக்கெட் ஆடறானுங்களா? எப்போலேர்ந்து? நான் அந்தப் பக்கம் போயே வருஷமாச்சு. போக மாட்டீங்களா? என் தலைல கை வெச்சுச் சொல்லுங்க. மேடம் முன்னாடி சொல்லுங்க.

தலைல கை வெச்சுட்டீங்க இல்ல, போதும். அழாதீங்க. இத்தினி வயசுக்கு மேல, வெளியாள் முன்னாடி.

அண்ணன் எந்திரிச்சு நிக்கறாரு மேடம். நாற்காலி போயிடுச்சு இல்ல, பாவம், சுவத்தோரமா நிக்கறாரு. எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருக்காரு. கோவம் இல்லை, மூஞ்சியைப் பாத்தா தெரியுது.

ஹேமாவுக்கு டாக்டர் சொன்ன தேதி கிட்ட வந்துடுச்சு. அந்த ரூம்ல ஜன்னலைத் தொறந்து எத்தினி வருஷமாச்சு, துருப்பிடிச்சுப் போயிருக்கும். பச்சப் புள்ளைக்கு அந்தக் குளிர் ஆகாது. சுண்ணாம்பு அடிச்சு ரெண்டு நாள் காய விடணும். அப்புறம்தான் வண்டி பேசி ஓசூருக்குப் போவணும்.

நாளைக்குக் காட்பாடிக்குப் போலாம். நானே பையைக் கட்டறேன். அண்ணன் பெட்டியில இருக்கற இன்னொரு ஸ்வெட்டரைத் துவைச்சு வெச்சிருக்கேன். நீங்களும் கூட வர்றீங்களா மேடம்? வைத்தியமோ என்னவோ நீங்க சொல்றதுக்கெல்லாம் அப்புறம் வர்றேன், எங்க வேணா வர்றேன். நாளைக்கு மட்டும் என் கூட நில்லுங்க. இவரு பாட்டுக்கு சல்யூட் வெச்சுட்டு திரும்பிடுவாரு, பட்டாளத்தான். அண்ணன் ஜன்னலோரமா உக்காந்துக்கினு, எப்போ திரும்பி வரணும் தங்கச்சின்னு என்னைத்தான் கேப்பாரு. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?